கழுத்து அசையாத அண்ணனுக்கு விழித்திருக்கும்போதே ட்யூப் போடுவது ஏன்?

உங்கள் அண்ணனுக்கு அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் (முதுகெலும்பு ஒட்டி இறுகிப்போகும் நோய்), கழுத்து இறுகிவிட்டது, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் சுவாச ட்யூப் போடுவோம் என்கிறார்கள், தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ கருவியெல்லாம் வந்த பிறகும் இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவைதான். நான் மயக்க மருந்து மருத்துவர். உங்கள் அண்ணனை நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால் நானும் அதைத்தான் செய்வேன்.

சாதாரணமாக ஒருவரை மயங்க வைத்து, தலைக்குக் கீழே சின்னத் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தால்தான் வாயிலிருந்து குரல்வளை வரை பார்வை நேராகப் போகும். 1943இல் வந்த மெக்கின்டாஷ் லாரிங்கோஸ்கோப் (நாக்கை ஒதுக்கும் வளைந்த பிளேடு உள்ள, குரல்வளையைப் பார்க்கும் கருவி) இன்றும் இதை நம்பித்தான் வேலை செய்கிறது. கழுத்து வளையவில்லை என்றால் குரல்வளை மூடியின் நுனி மட்டும் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது.

இதில் அசைக்கக் கூடாத கழுத்து வேறு, அசையவே முடியாத கழுத்து வேறு. பைக் விபத்தில் கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம் என்று கழுத்தில் காலர் பட்டையோடு வருபவர் முதல் வகை. வயிறு நிறைந்திருக்கும், வாயில் ரத்தம் இருக்கும், சொன்னதைக் கேட்கிற நிலையிலும் இருக்க மாட்டார், அதனால் பெரும்பாலும் மயங்க வைத்துத்தான் போட வேண்டும். காலரின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு (அது இருந்தால் வாய் சரியாகத் திறக்காது) ஒருவர் தலையை இரண்டு பக்கமும் இழுக்காமல் அசையாமல் பிடித்துக்கொள்வார். இங்கே என் முதல் தேர்வு வீடியோ லாரிங்கோஸ்கோப், கையெட்டும் தூரத்தில் பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி). வீடியோ இல்லாத இடத்தில் மெக்கின்டாஷும் பூஜியும் போதும். பூஜி மூச்சுக்குழலுக்குள் போகும்போது குருத்தெலும்பு வளையங்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்படும். கழுத்து அசைந்துவிடுமோ என்று பயந்து நேரத்தை இழுத்து, ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் இறங்கினால் அடிபட்ட தண்டுவடத்துக்கு அதுவும் கேடு.

வீடியோவிலும் ஒரு சிக்கல் உண்டு. திரையில் குரல் நாண்கள் பளிச்சென்று தெரியும், ட்யூப் மட்டும் போகாது. அதிக வளைவுள்ள பிளேடு என்றால் ட்யூபுக்குள் அதே வளைவில் ஸ்டைலெட் (ட்யூபை வளைவாகப் பிடித்து வைக்கும் கம்பி) வேண்டும், நுனி நாண்களைத் தொட்டதும் அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால்தான் ட்யூப் கீழே திரும்பி இறங்கும். இன்னொன்று, ட்யூபை வாய்க்குள் நுழைக்கும்போது வாயைப் பார்க்க வேண்டும், திரையை அல்ல. திரையையே பார்த்துக்கொண்டு தள்ளினால் அண்ணத்தில் குத்திவிடும்.

உங்கள் அண்ணன் இரண்டாவது வகை. முகவாய் மார்பை நோக்கிக் குனிந்தே இறுகியிருந்தால் பிளேடை வாய்க்குள் கொண்டுபோகவே இடம் இருக்காது, தாடை மூட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் வாயும் பெரிதாகத் திறக்காது. மயங்க வைத்த பிறகு ட்யூப் போகவில்லை என்றால் மாஸ்க் வைத்துக் காற்று கொடுப்பதும் கஷ்டம், கடைசி வழியான கழுத்தின் முன்பக்கத்தைக் கீறுவதும் கஷ்டம், ஏனென்றால் முகவாய் அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருக்கும். பலவந்தமாகத் தலையைச் சாய்த்தால் இந்த நோயில் கழுத்தெலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. விழித்திருந்தால் அவர் பாட்டுக்கு மூச்சு விடுவார், சரிவரவில்லை என்றால் நிறுத்திவிட்டு யோசிக்கலாம். முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்துச் செய்யலாமே என்று தோன்றும், முதுகெலும்பு மூங்கில் மாதிரி ஒட்டிப்போன இந்த நோயில் அந்த ஊசி பல நேரம் உள்ளே இறங்காது.

அவர் என்ன உணர்வார் என்றால், மூக்கில் சொட்டு மருந்து, அப்புறம் கசப்பான லிக்னோகெயின் (மரக்க வைக்கும் மருந்து) ஸ்ப்ரே, தொண்டை மரத்து வீங்கின மாதிரி இருக்கும், இடையில் இருமல் வரும். அந்த மருந்துக்கு எடையைப் பொறுத்து உச்ச வரம்பு உண்டு, கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பென்சிலைவிட மெல்லிய, வளையும் கேமராக் குழாயான ஸ்கோப் மூச்சுக்குழலுக்குள் போனதும் அதன் மேலேயே ட்யூபைச் சறுக்கி இறக்கி, வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு உடனே மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். பதற்றம் குறைய லேசாக ஊசியும் போடுவதுண்டு.

மூக்கு வழி என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த மயக்க மருந்துக் குறிப்பைத் தேடி எடுத்துப் போங்கள், இந்த முறை எப்படி ட்யூப் போட்டார்கள் என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.