வெளிநாட்டுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, பட்டங்களை 'ஆதென்டிகேட்' செய்து அனுப்பச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? நோட்டரியிடமா, தூதரகத்திலா, பல்கலைக்கழகத்திலா?

மெயிலில் வந்த அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்கும் கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பினேன். ஏழு வாரம் வீணாகப் போனது, வேலையும் கை நழுவப் பார்த்தது.

நோட்டரியிடம் போவதா, தூதரகத்துக்குப் போவதா, பல்கலைக்கழகத்திடம் கேட்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே சரியான பதிலாக இருக்கலாம், சிக்கலே அங்கேதான். பள்ளி எச்.ஆர். ஆட்கள் அந்த ஒரே சொல்லை வைத்து மூன்று வேறு வேறு விஷயங்களைக் கேட்பார்கள். சான்றிதழில் இருக்கிற கையெழுத்தும் முத்திரையும் நிஜமா? இந்த ஆள் அங்கே படித்துத் தேறியது நிஜமா? அந்தப் பட்டம் எங்கள் நாட்டுக் கணக்கில் எதற்குச் சமம்? முதல் கேள்விக்கு அரசாங்கம் பதில் தரும். அதுதான் அப்போஸ்டில், அல்லது தூதரக அட்டஸ்டேஷன். இரண்டாவதற்குப் பல்கலைக்கழகம் மட்டுமே பதில் சொல்ல முடியும். மூன்றாவது, தகுதி மதிப்பீட்டு நிறுவனங்களின் வேலை. ஒன்றைக் கேட்டவரிடம் இன்னொன்றை நீட்டினால், முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பித்தான் வரும்.

என் கதையைச் சொல்கிறேன். 'அப்போஸ்டில் வேண்டும்' என்ற அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அசல் பட்டத்தில் யாரோ ஒருவர் முத்திரை குத்துவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. நகல் எடுத்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, அந்த நகலுக்கு அப்போஸ்டில் வாங்கினேன். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். "இது உங்கள் பட்டத்துக்கான அப்போஸ்டில் இல்லையே" என்று மறுநாள் பதில் வந்தது. எனக்குக் கோபம். அரசாங்க முத்திரை தெளிவாக இருக்கிறதே என்று நீளமாக ஒரு மெயில் எழுதினேன். பள்ளியின் எச்.ஆர். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இரண்டாவது வரியைப் படித்துப் பாருங்கள்."

படித்தேன். அங்கே நோட்டரியின் பெயர் இருந்தது.

அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5 அன்று தி ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி தரப்படும் ஒரு சிறு சான்று. எந்த நாடு கொடுத்தாலும் அமைப்பு ஒன்றுதான்: தலைப்பு பிரெஞ்சில், கீழே எண்ணிட்ட பத்து வரிகள். நாடு, கையெழுத்திட்டவர் யார், எந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டார், யாருடைய முத்திரை என்பவை முதல் நான்கு. பிறகு சான்று தந்த இடம், தேதி, அதிகாரி, எட்டாவதாகப் பதிவு எண், கடைசியில் முத்திரையும் கையெழுத்தும். அது உறுதி செய்வது ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தையும், கையெழுத்திட்டவரின் பொறுப்பையும், முத்திரையையும் மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று அது சொல்வதே இல்லை. என் தாளில் அரசாங்கம் உறுதி செய்திருந்தது இவ்வளவுதான்: நோட்டரி, நோட்டரிதான். நான் பட்டதாரியா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது வரியில் இருந்திருக்க வேண்டியது பல்கலைக்கழகப் பதிவாளர் பெயர், அல்லது அவர் கையெழுத்தைச் சரிபார்த்த கல்வித் துறை அதிகாரியின் பெயர்.

இந்த ஓட்டையைப் போலிப் பல்கலைக்கழகங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. காசுக்கு விற்ற பட்டத்தின் நகலை நோட்டரியிடம் காட்டி, நோட்டரி கையெழுத்துக்கு அப்போஸ்டில் வாங்கினால், பார்ப்பவருக்கு அரசே பட்டத்தை ஏற்றுக்கொண்டது போலத் தெரியும். அனுபவமுள்ள எச்.ஆர். ஆட்கள் அந்த இரண்டாவது வரிக்கு நேரே போவது இதனால்தான். அதற்காக நோட்டரி நகல் எப்போதும் செல்லாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நாடுகளில் பட்டத்துக்கு அப்போஸ்டில் வாங்க அது ஒன்றுதான் வழி, அதை ஏற்கும் பள்ளிகளும் உண்டு. உங்களுடைய பள்ளி ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அசலுக்கே வாங்குவது என்றால் இன்னொரு முட்டுக்கட்டை வரலாம். அப்போஸ்டில் தரும் அலுவலகம் உங்கள் பதிவாளரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டம் பழையது, கையெழுத்திட்டவர் ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அவருடைய மாதிரி அவர்களிடம் இல்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். அப்போது பல்கலைக்கழகமோ கல்வித் துறையோ இடையில் ஒரு சான்றொப்பம் தர வேண்டும். எனக்கு மிச்ச நாள் எல்லாம் இதில்தான் போனது. இப்போதைய பதிவாளர் பட்டத்தின் பின்புறம் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது.

போகிற நாடு உடன்படிக்கையில் இல்லை என்றால் அப்போஸ்டில் பேச்சே இல்லை. பழைய சங்கிலிதான்: கல்வித் துறை, அதன் மேல் வெளியுறவுத் துறை, அதன் மேல் அந்த நாட்டின் தூதரகம், போய் இறங்கிய பிறகு அங்கேயும் ஒரு முத்திரை. ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தைய முத்திரையைத்தான் சரிபார்க்கிறது. நடுவில் ஒன்றைத் தாண்டினால் அடுத்தவர் தாளைத் தொடமாட்டார். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் எல்லாம் இந்த வகை. சவூதி அரேபியா இந்தப் பட்டியலில் இருந்து வெளியே வந்துவிட்டது. 2022 டிசம்பர் 7 முதல் அங்கே உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது. சீனாவில் 2023 நவம்பர் 7 முதல், கனடாவில் 2024 ஜனவரி 11 முதல். சீனாவுக்கு வேலைக்குப் போனவர்கள் அதற்கு முன் எழுதிவைத்த 'தூதரகத்தில் வரிசையில் நில்லுங்கள்' என்ற அறிவுரைகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன, தேதியைப் பார்க்காமல் பின்பற்றாதீர்கள். இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்படிக்கையில் இருக்கின்றன. ஹேக் மாநாட்டு அமைப்பின் தளத்தில் முழுப் பட்டியலும் உண்டு. உங்கள் சான்றிதழ் தந்த நாடு, போகிற நாடு இரண்டின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஒரு பொடி எழுத்துச் சமாச்சாரம்: புதிதாகச் சேரும் நாட்டை ஏற்கனவே இருக்கும் நாடு ஆட்சேபிக்கலாம். அப்படி ஆட்சேபித்திருந்தால் அந்த இரண்டு நாடுகளுக்கு நடுவில் மட்டும் அப்போஸ்டில் செல்லாது.

'சான்றிதழ் தந்த நாடு' என்றேன், கவனித்தீர்களா? நீங்கள் இப்போது குடியிருக்கும் நாடு எது, உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இங்கே கணக்கில் வராது. என்னோடு சேர்ந்த ஓர் ஆசிரியை இளங்கலை ஓரிடத்திலும் முதுகலை வேறொரு நாட்டிலும் படித்தவர். இரண்டையும் ஒரே அலுவலகத்தில் கொடுத்தார், முதுகலையைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் படித்த நாட்டுக்கே கூரியரில் அனுப்பித்தான் வாங்க முடிந்தது. சில நாடுகள் இப்போது மின்னணு அப்போஸ்டில் தருகின்றன. நியூசிலாந்து அவற்றில் ஒன்று. உங்களுடைய நாட்டிலும் அந்த வசதி இருந்தால் கூரியர் பயம் மிச்சம், ஆனால் மின்னணுக் கோப்பை ஏற்பார்களா என்று பள்ளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வகைக்கு வருவோம். 'நிஜமாகவே படித்தாரா' என்று கேட்கும் இடத்தில் உங்கள் கையால் கொடுக்கும் எந்தத் தாளுக்கும் மதிப்பு கிடையாது. பல்கலைக்கழகம் நேரடியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மை ஈக்வல்ஸ், அமெரிக்காவில் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்று இதற்கான தளங்கள் இருக்கின்றன. தளம் எதுவும் இல்லாத பல்கலைக்கழகம் என்றால் மின்னஞ்சலும் கடிதமும்தான், அது அவர்கள் தேர்வுப் பிரிவின் வேகத்தைப் பொறுத்தது. இதை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். அப்போஸ்டில் அலுவலகத்துக்கு ஒரு காலக்கெடுவாவது இருக்கும், தேர்வுப் பிரிவில் அதைக்கூட எதிர்பார்க்க முடியாது. கடிதம் வாங்கும்போதே படித்த முறையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நேரடி வகுப்பா, தொலைநிலைக் கல்வியா என்று வளைகுடாப் பக்கம் தனியாகக் கேட்பார்கள். பிறகு போய் இன்னொரு கடிதம் வாங்குவது இன்னொரு யாத்திரை.

மூன்றாவது வகை, சமநிலை மதிப்பீடு. அமெரிக்கப் பள்ளி என்றால் வெஸ் போன்ற நிறுவனங்கள், பிரிட்டன் என்றால் யூகே எனிக். வெஸ்ஸுக்கு அப்போஸ்டில் தேவையே இல்லை. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே சீல் வைத்த உறையிலோ மின்னணு வழியிலோ அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் கறார். இது தெரியாமல் அப்போஸ்டிலுக்குச் செலவழித்தவர்களை நான் அறிவேன். ஆசிரியர் வேலைக்கு இதற்கு மேலும் ஒரு படி உண்டு: பல நாடுகளில் ஆசிரியர் பதிவோ உரிமமோ தனியாக வாங்க வேண்டும். அங்கே பி.எட்., பயிற்சிக் காலம், இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் உங்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்ற கடிதம் எல்லாம் கேட்பார்கள். பழைய பள்ளியில் முகம் சுளிக்காமல் விடைபெற்று வருவது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் புரியும்.

இனி கையால் செய்யும் தப்புகள். பட்டத்தை லேமினேட் செய்திருந்தால் முத்திரை வைக்க மாட்டார்கள். நீங்களே உரிக்க முயன்றால் மை ஒட்டிக்கொண்டு வரும், பல்கலைக்கழகத்தில் மறுபிரதி கேட்பது பாதுகாப்பு. அப்போஸ்டில் தாளைப் பட்டத்தோடு பின் அடித்தோ ரிப்பன் கட்டியோ கொடுத்தால், ஸ்கேனருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்தப் பின்னை எடுக்காதீர்கள். பிரித்த தாளைச் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு வேறு பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக வைத்திருங்கள். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் பெரும்பாலும் அப்போஸ்டிலுக்குப் பிறகு செய்வது நல்லது. முதலில் செய்தால் அப்போஸ்டில் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் தொங்கும். மொழிபெயர்ப்பாளர் அந்த நாடு அங்கீகரித்தவராக இருக்க வேண்டுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. போலீஸ் சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள். உடன்படிக்கை அப்போஸ்டிலுக்குக் காலாவதித் தேதி எதுவும் வைக்கவில்லை, பட்டமும் பழசாகாது. போலீஸ் சான்றிதழ் அப்படியில்லை. மூன்று மாதத்துக்கு முந்தையதா, ஆறு மாதத்துக்கு முந்தையதா என்று நாட்டுக்கு நாடு தேதி பார்ப்பார்கள்.

ஏஜென்ட் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம். அலைச்சல் குறையும். ஆனால் எந்தச் சான்று, அசலிலா நகலிலா என்பதை முடிவு செய்யும் வேலையை அவரிடம் விடாதீர்கள். நகல் வழிதான் சுலபம் என்பதால் கேட்காமலே அதைச் செய்து கொடுத்துவிடுவார். என்னுடைய முதல் ஏழு வாரத்தை அவர் மேல் போட எனக்கும் ஆசைதான், என்ன செய்வது, நகலை எடுத்துக்கொண்டு போனது நான்.

ஆகவே இன்றைக்குச் செய்ய வேண்டியது பள்ளிக்கு ஒரு மெயில். அப்போஸ்டிலா, தூதரகச் சான்றா? அசலிலா, நோட்டரி நகலிலா? பட்டத்துக்கு மட்டுமா, மதிப்பெண் பட்டியலுக்கும் சேர்த்தா? பல்கலைக்கழகத்திடம் நீங்களே நேரடியாகச் சரிபார்ப்பீர்களா? இதே நாட்டிலிருந்து ஏற்கனவே சேர்ந்த ஓர் ஆசிரியரின் தாளை, பெயரை மறைத்து, மாதிரிக்கு அனுப்ப முடியுமா? கடைசிக் கேள்விதான் எனக்கு உண்மையில் உதவியது. மாதிரி வந்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் என் பட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். நான் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஊழியர் அப்போஸ்டிலின் எட்டாவது வரியில் இருந்த எண்ணையும் தேதியையும் ஒரு இணையதளத்தில் தட்டினார். அப்போஸ்டில் கொடுக்கும் ஒவ்வொரு அலுவலகமும் பதிவேடு வைத்திருக்க வேண்டும், பல நாடுகள் அதை இணையத்திலேயே பார்க்க விடுகின்றன. திரையில் ஏதோ வந்தது. தலையசைத்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பட்டம் எந்தப் பாடத்தில் என்றுகூடப் பார்க்கவில்லை.