கேரம் எங்கே பிறந்தது, அதில் பவுடர் எதற்கு?

கேரம் இந்தியத் துணைக்கண்டத்தில் உருவான ஆட்டம். ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டி, வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 என 19 காய்களை மூலைக் குழிகளில் தள்ள வேண்டும். பாட்டியாலா அரண்மனையில் கண்ணாடிப் பரப்புள்ள பழைய பலகை ஒன்று இருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பு 1988இல் தொடங்கியது நம்ம சென்னையில்தான்!

சரி, பவுடர் எதற்கு? சுண்டிய ஸ்ட்ரைக்கர் வில்லையை மரத்தின் உராய்வு சீக்கிரமே நிறுத்திவிடும். போரிக் பவுடரின் துகள்கள் இடையே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. மாவு சிந்திய சிமெண்ட் தரையில் கால் வழுக்குமே, அதேபோலத்தான்.

அப்புறம், சிவப்புக் காயை (ரெட்) குழியில் போட்டாலே அது நமக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்த அடியில் நம் காய் ஒன்றையும் போடாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கே வந்துவிடும்.