கவுண்டிகளுக்காக வாஷிங்டனில் பேசுவது யார்? – கேள்வி பதில்

சொத்து வரி பற்றிப் பேச்சு வந்தபோது "நேக்கோ" என்ற பெயரைச் சொல்லியிருந்தேன். அது என்ன என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் கவுண்டீஸ் என்பதைத்தான் சுருக்கமாக அப்படிச் சொல்வார்கள். மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பிரிவுதான் கவுண்டி; அந்தக் கவுண்டி அரசுகளின் தேசியச் சங்கம் இது. நான் வேலை பார்ப்பது ஒரு கவுண்டியின் பட்ஜெட் அலுவலகத்தில். சங்கத்தில் எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அதனால் கீழே உள்ள அபிப்பிராயங்கள் எல்லாம் என் சொந்த அபிப்பிராயங்கள்.

ஷார்லட்டிலிருந்து: அக்கா, நகராட்சி இருக்கிறது, மாநில அரசும் இருக்கிறது. நடுவில் கவுண்டி எதற்கு? அதற்கு ஒரு தேசியச் சங்கம் வேறு எதற்கு?

கவுண்டி செய்யும் வேலைகள் பெரும்பாலும் நம் கண்ணில் படாதவை. தேர்தல் நடத்துவது, சிறை நடத்துவது, நிலப் பத்திரப் பதிவு, பொதுச் சுகாதாரம், ஊருக்கு வெளியே போகும் சாலைகள். நாட்டில் உள்ள பொதுப் பாலங்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் பராமரிப்பவை கவுண்டிகள்தான்.

ஆனால் அமெரிக்க அரசியல் சாசனத்தில் கவுண்டி என்ற பேச்சே கிடையாது. மாநிலம் உண்டாக்கியது, மாநிலமே கலைத்துவிடவும் முடியும். கனெடிகட் 1960-இல் தன் கவுண்டி அரசுகளைக் கலைத்தே விட்டது. வாஷிங்டனில் சட்டம் போடுவார்கள், மாநிலம் அதைக் கீழே தள்ளிவிடும், கடைசியில் பில் வந்து நிற்பது கவுண்டியில். செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் உண்டு. கவுண்டிக்கு யாரும் இல்லை. அந்தக் குறைக்காகத்தான் 1935-இல் இந்தச் சங்கம் பிறந்தது. ரூஸ்வெல்ட் காலத்தில் ஃபெடரல் பணம் உள்ளூர்களுக்குப் பெருமளவில் வரத் தொடங்கிய நேரம் அது.

சிகாகோவிலிருந்து: நம் ஊர் மாவட்டம் மாதிரிதானே கவுண்டி?

பரப்பில் அப்படித் தோன்றலாம். கலெக்டரை மேலிருந்து நியமிக்கிறார்கள். இங்கே கவுண்டி போர்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரும்பாலான இடங்களில் கவுண்டியின் போலீசையும் சிறையையும் நடத்தும் ஷெரிஃபையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மாவட்ட ஊராட்சி கொஞ்சம் கிட்டே வரும்.

டாலஸிலிருந்து: டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள். நாடு முழுக்க மூவாயிரத்துக்கு மேல். இவ்வளவு பேர் ஒரே குரலில் பேச முடியுமா?

சுலபமில்லை. உங்கள் மாநிலத்தில் உள்ள லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறக்குறைய ஒரு கோடி. ஒரு சங்கத்துக்குள் இரண்டு விதமான இடங்களும் உட்கார வேண்டும். கவுண்டிக்கு வேறு பெயர் வைத்திருக்கும் லூயிசியானாவின் பாரிஷ்களும் அலாஸ்காவின் பரோக்களும் இதில் சேர்த்திதான்.

உறுப்பினராவது கட்டாயமில்லை. சந்தா மக்கள்தொகையைப் பொறுத்தது. சுகாதாரம், போக்குவரத்து, பொது நிலம், நீதி என்று துறைவாரியான கொள்கைக் குழுக்கள் உண்டு. ஏதோ ஒரு கவுண்டியின் கமிஷனர், அதாவது போர்டு உறுப்பினர், எழுதிய தீர்மானம் குழுவில் அடிபட்டு, திருத்தப்பட்டு, ஜூலையில் நடக்கும் ஆண்டு மாநாட்டில் ஓட்டுக்கு வரும். அங்கே நிறைவேறினால்தான் அது சங்கத்தின் நிலைப்பாடு. பெருநகரக் கவுண்டிகளுக்குத் தனி அணி, கிராமக் கவுண்டிகளுக்குத் தனி அணி, மேற்கு மாநிலங்களுக்குத் தனி அமைப்பு.

இதனால் ஒரு விளைவு உண்டு. துப்பாக்கி, கருக்கலைப்பு போன்ற விஷயங்களில் இவர்களை ஒன்றுசேர்க்க முடியாது. யார் செலவு செய்வது, யார் முடிவெடுப்பது என்ற கேள்வி வந்தால் டெமாக்ரட், ரிபப்ளிகன் என்று பார்க்காமல் ஒரே பக்கம் நிற்பார்கள். இந்தச் சங்கத்தின் பலமே அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஃபீனிக்ஸிலிருந்து: நான் நர்ஸ். சிறையிலிருந்து வரும் நோயாளியிடம் மெடிகெய்ட் இருந்தாலும் செல்லாது என்கிறார்கள். இன்னும் விசாரணையே முடியாத ஆளுக்கு ஏன் இந்த நிலை?

இந்தக் கேள்விக்கு நன்றி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

1965-இல் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடாக மெடிகெய்ட் வந்தபோதே சட்டத்தில் ஒரு விலக்கு போட்டுவிட்டார்கள். பொதுச் சிறையில் இருப்பவரின் மருத்துவச் செலவுக்கு ஃபெடரல் பணம் கிடையாது. கைதி 24 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தால் அதற்கு மட்டும் விதிவிலக்கு. அவசரப் பிரிவுக்கு வந்து தையல் போட்டுக்கொண்டு திரும்பினால் முழுச் செலவும் கவுண்டிக்கு.

தண்டனை பெற்றவர்கள் நீண்ட காலம் இருப்பது மாநிலச் சிறையில். கவுண்டிச் சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், ஜாமீன் கட்டப் பணம் இல்லாததால் உள்ளே இருப்பவர்கள். அதே குற்றச்சாட்டில் பணம் கட்டி வெளியே போனவரின் மெடிகெய்ட் அப்படியே இருக்கிறது; கட்ட முடியாதவருக்கு நின்றுவிடுகிறது. சட்டத்தின் முன் இருவருமே நிரபராதிகள்தான்.

பட்ஜெட் மேசையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒருவர் உள்ளே வருகிறார், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர். இன்சுலின் வேறு. பதிவு செய்தவுடன் மெடிகெய்ட் நிறுத்திவைக்கப்படுகிறது. சிறை மருத்துவ ஒப்பந்தத்தில் இருந்து கவுண்டி செலவு செய்கிறது. சில வாரங்களில் வழக்கு தள்ளுபடி ஆகிறது, வெளியே போகிறார். மெடிகெய்ட் மறுபடி உயிர்பெற நாளாகிறது, கையில் மாத்திரை தீர்ந்துவிட்டது. அப்புறம் திரும்பவும் அதே வாசலுக்கு வருகிறார். இந்தச் சுற்றை நிறுத்தவே முடியாத மாதிரி அந்த விதி வைத்திருக்கிறது.

நேக்கோ இதைப் பல ஆண்டுகளாகக் காங்கிரஸில் எழுப்பி வருகிறது. 2019-இல் தேசிய ஷெரிஃப்கள் சங்கத்தோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். போர்டும் ஷெரிஃபும் பணத்துக்காக மோதிக்கொள்வது பல ஊர்களில் வாடிக்கை. அவர்களின் சங்கங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததே பெரிய விஷயம். கொஞ்சம் பலனும் கிடைத்திருக்கிறது. விடுதலைக்கு முந்தைய 90 நாட்கள் வரை சில சேவைகளுக்கு மெடிகெய்ட் பணம் தர கலிஃபோர்னியா 2023 ஜனவரியில் அனுமதி பெற்றது. அப்படி அனுமதி பெற்ற முதல் மாநிலம் அது. வேறு மாநிலங்களும் பின்னால் வந்தன. ஆனால் விசாரணைக் கைதிகளுக்கான அந்த மூல விலக்கை நீக்கினால்தான் உண்மையான தீர்வு. அதற்காக இந்தச் சங்கம் இன்னும் சத்தமாகப் பேசினாலும் நான் வரவேற்பேன்.

லாஸ் வேகஸிலிருந்து: நெவாடாவில் 80 சதவீத நிலம் ஃபெடரல் அரசுடையது என்கிறார்களே, அதற்கு வரி யார் கட்டுவது?

யாரும் கட்டுவதில்லை. ஃபெடரல் நிலத்துக்குக் கவுண்டி வரி போட முடியாது. ஆனால் அந்த மலையில் ஏறப் போனவர் வழி தவறினால் தேடிப் போவது கவுண்டி ஷெரிஃபின் ஆட்கள். அங்கே போகும் சாலையும் பல இடங்களில் கவுண்டிச் சாலைதான்.

இதற்கு ஈடாக 1976-இல் ஒரு சட்டம் வந்தது. வரிக்குப் பதிலாக ஆண்டுதோறும் ஒரு தொகை. "பில்ட்" என்று சொல்வார்கள். நிலப் பரப்பு, மக்கள்தொகை, நிலத்தில் இருந்து ஏற்கெனவே கிடைக்கும் வேறு வருமானம் எல்லாம் பார்த்துக் கணக்கிடுவார்கள். 2024-இல் 1,900-க்கு மேற்பட்ட கவுண்டிகளுக்குச் சுமார் 62 கோடி டாலர் போனது. சிக்கல் என்னவென்றால், இதை ஆண்டுக்கு ஆண்டு காங்கிரஸ் ஒதுக்க வேண்டும். பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சின்னக் கவுண்டிக்கு இது பட்ஜெட்டில் பெரிய பங்கு. வருமா வராதா என்று தெரியாமல் எப்படி ஆள் எடுப்பார்கள்? ஆண்டுதோறும் இதற்காக வாஷிங்டனில் கதவு தட்டுவது நேக்கோவின் மேற்குப் பிரிவுக்கு நிரந்தர வேலை.

ஃப்ரீமாண்டிலிருந்து: இவ்வளவு பேசி உருப்படியாக எதையாவது சாதித்திருக்கிறார்களா?

கோவிட் காலம் நல்ல உதாரணம். 2020 மார்ச்சில் வந்த கேர்ஸ் என்ற நிவாரணச் சட்டத்தில் 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள உள்ளாட்சிகளுக்கு மட்டுமே நேரடிப் பணம். மற்றவை மாநிலத்தின் கையை எதிர்பார்த்து நின்றன. நேக்கோ ஓராண்டு முழுக்க இதைத்தான் பேசியது. 2021 மார்ச்சில் வந்த நிவாரணச் சட்டத்தில் பெரியது சிறியது என்ற பேதமில்லாமல் எல்லாக் கவுண்டிகளுக்குமாக 6,510 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

1995-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்றையும் வெற்றி என்று சொல்வார்கள். பணம் தராமல் உள்ளாட்சிகள் மேல் வேலையைச் சுமத்தக் கூடாது என்ற நோக்கத்தில் வந்தது. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. செலவு எவ்வளவு என்று கணக்குக் காட்ட வேண்டும், உறுப்பினர் ஆட்சேபம் எழுப்பலாம், அவ்வளவுதான். பெரும்பான்மை நினைத்தால் அதையும் தாண்டிப் போகலாம்.

எடிசனிலிருந்து: எங்களுக்குச் சொத்து வரி கழுத்தை நெரிக்கிறது. ஃபெடரல் வரியில் கழித்துக்கொள்ளும் வரம்பு பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மாநில, உள்ளூர் வரிகளை ஃபெடரல் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள 2017 சட்டம் போட்ட 10,000 டாலர் வரம்பை ஆரம்பம் முதலே எதிர்த்தார்கள். 2025 சட்டத்தில் அது 40,000 ஆனது. சுமார் 5 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் குறைந்துகொண்டே வரும். உங்களுக்கு இது நிம்மதிதான். ஆனால் நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது கவுண்டிக் கடன் பத்திரங்களின் வட்டிக்கு ஃபெடரல் வருமான வரி இல்லை என்ற சலுகையை. அதனால்தான் கவுண்டிகளால் குறைந்த வட்டியில் கடன் வாங்கிப் பாலமும் மருத்துவமனையும் கட்ட முடிகிறது. ஒவ்வொரு வரிச் சீர்திருத்தத்திலும் இதன்மேல் கை வைக்கப் பார்ப்பார்கள். அது போனால் கூடுதல் வட்டி உங்கள் சொத்து வரியில்தான் வந்து விழும்.

ஆஸ்டினிலிருந்து: என் வரிப்பணத்தில் சந்தா கட்டி, எனக்குப் பிடிக்காத கொள்கைக்கு லாபி செய்கிறார்கள். இது நியாயமா?

நியாயமான கேள்விதான். உங்கள் மாநிலத்தில் வரிப்பணத்தில் லாபி செய்வதைத் தடுக்கும் மசோதா 2019-இல் மாநில செனட்டில் நிறைவேறி, கீழவையில் தோற்றது. அதன் பிறகும் அந்த முயற்சி விடவில்லை.

என் பதில் இது. மருந்துக் கம்பெனிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் வாஷிங்டனில் ஆள் இருக்கிறது. மெடிகெய்ட் விதியை எழுதும் இடத்தில் கவுண்டிச் சிறைக்கு மட்டும் ஆள் இல்லாமல் போனால் நஷ்டம் நமக்குத்தான். தனித்தனியாக ஆள் வைப்பதைவிடச் சேர்ந்து வைப்பது மலிவு. லவிங் கவுண்டி மாதிரி இடங்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் எவ்வளவு கட்டுகிறோம், என்ன நிலைப்பாட்டுக்கு நம் கமிஷனர் ஓட்டுப் போட்டார் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். அதில் பல கவுண்டிகள் அக்கறை காட்டுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அதே நண்பர்: அதை எங்கே பார்ப்பது?

கவுண்டியின் இணையதளத்தில் பட்ஜெட் புத்தகம் இருக்கும். அதில் "உறுப்பினர் சந்தா" என்ற வரியைத் தேடுங்கள். மாநிலக் கவுண்டிச் சங்கத்துக்கும் நேக்கோவுக்கும் தனித்தனியாகக் கட்டுவார்கள். புதுப்பித்தல் பெரும்பாலும் "கன்சென்ட் அஜெண்டா"வில் வரும், அதாவது விவாதம் இல்லாமல் மொத்தமாக நிறைவேறும் பட்டியல். அதைத் தனியாக எடுத்துப் பேசச் சொல்லி உங்கள் கமிஷனருக்கு முன்கூட்டியே எழுதலாம். கூட்டத்திலும் பேசலாம்; பொதுவாக இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். க்ரீன் கார்டா, விசாவா, குடியுரிமையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெயரையும், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.