கட்டளையை ஓட்டியது யார்?

கேள்வி: துரைப்பாக்கத்தில் 300 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில் செக்யூரிட்டி டீமில் இருக்கிறேன். எங்கள் டெவலப்பர்கள் கிளாட் கோட், கர்சர் என்று, சொன்ன வேலையைத் தானே கட்டளைகள் ஓட்டிச் செய்யும் ஏஐ ஏஜென்ட்களை லேப்டாப்பில் ஓடவிடுகிறார்கள். அவை என்ன செய்கின்றன என்று கண்காணிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. டெவலப்பர்களோ, "எங்களை வேவு பார்க்கிறீர்களா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் நானும் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண் அவர். ஒருநாள் இரவு 11 மணிக்கு மேல் அவருடைய லேப்டாப்பில், கிளவுட் கணக்குகளுக்குள் நுழையும் ரகசியச் சாவிகள் எல்லாம் இருக்கும் கோப்பு திறக்கப்பட்டதாக எங்களுக்கு எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலை மீட்டிங் ரூமில் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டோம். "நான் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை சார்" என்று அவர் சொல்லச் சொல்ல, "லாகில் உங்கள் பெயர்தானே இருக்கிறது" என்றோம்.

மாலையில்தான் எங்கள் சீனியர் ஒருவர் பொறுமையாக, எந்த நிரலை எது கிளப்பியது என்று காட்டும் ப்ராசஸ் வரிசையைக் கீழிருந்து மேலே பிடித்துக்கொண்டு போனார். கோப்பைப் படித்தது 'கேட்' என்ற சின்னக் கட்டளை. அதை ஓட்டியது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற நிரல். பாஷைக் கிளப்பியது ஏஜென்ட். ஒரு டெஸ்ட் ஏன் ஃபெயில் ஆகிறது என்று பார்க்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண் சாப்பிடப் போயிருக்கிறார். டேட்டாபேஸ் முகவரியைத் தேடிக்கொண்டு ஏஜென்ட் தானாகவே அந்தக் கோப்புக்குப் போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்டோம். ஆனாலும் அந்த ஒரு பகல் முழுக்க அவர் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். ஏஜென்ட், அதை ஓட்டுகிறவரின் பெயரிலேயே, அவருக்கு இருக்கும் அனுமதிகளோடு இயங்குகிறது. கணினிக்கு இருவரும் ஒருவரே. இரண்டையும் பிரித்துக் காட்டும் பதிவு இல்லாவிட்டால், ஏஜென்ட் செய்ததெல்லாம் டெவலப்பர் தலையில்தான் விழும். சண்டைக்கு வருகிறவர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள். இந்தப் பதிவு அவர்களுக்கும் காவல்.

பயம் வெறும் பயமும் இல்லை. 2025 ஆகஸ்டில் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் களஞ்சியத்தில், என்எக்ஸ் என்ற பிரபலமான தொகுப்பின் விஷம் கலந்த பதிப்புகள் வெளியாகின. அதை நிறுவியவரின் கணினியில் கிளாட், ஜெமினி மாதிரி ஏஐ கருவிகள் இருந்தால், 'அனுமதி கேட்காதே' என்ற குறிப்பைக் கட்டளையோடு சேர்த்து அவற்றையே ஓட்டி, ரகசியக் கோப்புகளைத் தேடச் சொன்னது அந்த நிரல். திருடிய சாவிகளை, பறிகொடுத்தவரின் கிட்ஹப் கணக்கிலேயே எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டது. வீட்டு வேலைக்கு வைத்த ஆளையே திருடன் ஏவிய கதை.

அதனால் பார்க்க வேண்டியது ஏஜென்டின் கைகளை. எந்தக் கட்டளையை ஓட்டியது, ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் தாண்டி எதைத் திறந்தது, எந்த முகவரிக்குப் பேசியது, ஏஜென்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி சர்வர்கள் என்னென்ன சேர்ந்திருக்கின்றன, அனுமதி கேட்காத முறையில் ஓடுகிறதா. இவ்வளவு போதும். கிளாட் கோடில் ஹூக் என்று ஒன்று உண்டு. ஏஜென்ட் ஒரு காரியத்தில் இறங்குவதற்கு முன்னால் உங்கள் நிரலைக் கூப்பிடும். நீங்கள் தடுக்கவும் முடியும். ஓப்பன் டெலிமெட்ரி என்ற, பதிவுகளை அனுப்பும் பொதுத் தரம் வழியாக இந்த நடவடிக்கைகளை உங்கள் லாக் சர்வருக்கே அனுப்பலாம். அதில் டெவலப்பர் தட்டிய கேள்வியின் வாசகம் இயல்பாகச் சேராது. அந்த அமைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். நிர்வாகி வைக்கும் செட்டிங்ஸ் கோப்பு மூலம், அனுமதி கேட்காத முறையை எல்லாக் கணினியிலும் அடைத்துவிடலாம். இதை நாளைக்கே செய்யுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, கீபோர்டில் தட்டுவதைப் பதிவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எச்.ஆர். இந்தப் பதிவைக் கேட்டாலும் தராதீர்கள். ஒருமுறை கொடுத்தால், டெவலப்பர்கள் ஏஜென்டைச் சொந்த லேப்டாப்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

இன்னொன்று. கிளாட் கோட் தன் உரையாடல்களை அந்தந்த லேப்டாப்பிலேயே கோப்பாக வைத்திருக்கும்; அமைப்பை மாற்றாவிட்டால் 30 நாளில் அழித்துவிடும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் கொடுத்த உத்தரவோ லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குத் தகவலும் தர வேண்டும். அதனால் ஏஜென்டின் நடவடிக்கைப் பதிவை உங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக முழு உரையாடலையும் வாரிக் கொண்டுவந்து குவிக்காதீர்கள். ஏஜென்ட் படித்த கோப்பின் உள்ளடக்கமும், பாஸ்வேர்டு உட்பட, அதில் அப்படியே கிடக்கும். சம்பவம் நடந்தால் மட்டும், இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட டெவலப்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? இந்தப் பதிவு முறையை உங்கள் டீம் லேப்டாப்புகளில் முதலில் போடுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். அடுத்த திங்கட்கிழமை டெவலப்பர்களைக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் பதிவான வரிகளைப் பெரிய திரையில் போட்டு, ஒன்றைக்கூட மறைக்காமல் காட்டுங்கள்.