சந்தம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சந்தம் என்றால் எதுகை மோனைதானே?

இல்லை. எதுகை, மோனை இரண்டும் எழுத்து ஒன்றிவருவது. சந்தம் சொற்களின் ஓசை அளவு.

கேள்வி: சீர் பிரிக்கத் தெரியும். சந்தத்துக்கு வேறு கணக்கு உண்டா?

உண்டு, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கற்ற, வந்த, காத்த, நீந்த, பாட, சொன்ன, செய்ய என்ற ஏழும் யாப்பில் தேமா என்ற ஒரே வகைச் சீர். சந்தக் கணக்கிலோ ஏழும் ஏழு வகை: தத்த, தந்த, தாத்த, தாந்த, தான, தன்ன, தய்ய. ‘மழை’ போன்ற சொல்லுக்கான ‘தன’வையும் சேர்த்தால் அடிப்படைச் சந்தங்கள் எட்டு. குறிலா நெடிலா, நடுவில் நிற்கும் ஒற்று வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்பதெல்லாம் கணக்கில் வரும். அருணகிரிநாதரின் ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’க்குச் சந்தக் குழிப்பு, அதாவது ஓசை அளவைக் காட்டும் வாய்பாடு, ‘தத்தத்தன தத்தத் தனதன’. ‘தை’ குறிலாக நிற்பதைக் கவனியுங்கள். ஐகாரம் அங்கே குறுகிவிட்டது. வாய்விட்டுச் சொன்னால்தான் இது பிடிபடும். கண்ணால் எண்ணாதீர்கள்.

கேள்வி: ‘சந்தமான பேச்சு’ என்று எழுதலாமா?

பழைய வழக்கில் சந்தம் என்பதற்கு அழகு என்றும் பொருள் உண்டு. இன்று உரைநடைக்கும் பேச்சுக்கும் ‘ஓசைநயம்’ பொருந்தும்.

கேள்வி: எதுகை நன்றாக அமைந்தால் சந்தம் வந்துவிடுமா?

வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சந்தம் வடசொல். ‘வண்ணம்’ இருக்க அது எதற்கு?

‘சந்தஸ்’ என்பதிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் 20 என்கிறார். வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம், தூங்கல் வண்ணம், முடுகு வண்ணம் என்ற பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே மனம் நிறைகிறது. ஆனால் அவர் வகுத்தது பாட்டின் ஓசைப் போக்கை. தத்த, தந்த என்று அளக்கும் குழிப்பை அன்று. பிற்காலத்தில் குழிப்புக்கு அமைந்த பாட்டே வண்ணம் எனப்பட்டது. ஆக, சந்தம் அளவு, வண்ணம் பாட்டு.

அவரே மீண்டும்: அளவுக்கும் தமிழ்ப்பெயர் வைக்கலாமே?

வையுங்கள், மகிழ்வேன். ஆனால் ‘வண்ணம்’ என்பதையே அதற்கும் வைத்தால், அளவைச் சொல்கிறோமா பாட்டைச் சொல்கிறோமா என்று மாணவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லை மீட்கப்போய் ஒரு வேறுபாட்டை இழக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: ஆதி தாளத்துக்கு எந்தச் சந்தம்?

மிருதங்கம் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இயைபுதான் சந்தமா?

இயைபு அடிகளின் இறுதி ஒன்றுவது. எழுத்து ஒன்றுவது வேறு, ஓசை அளவு வேறு. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி: நான் எழுதிய வண்ணத்தில் ஓரடி ‘கற்றவர்’ என்றும் அடுத்தது ‘வந்தவர்’ என்றும் தொடங்குகின்றன. தவறா?

தவறு. முன்னது தத்தன, பின்னது தந்தன. மாத்திரை ஒன்றுதான், ஆனால் வல்லொற்றின் தட்டு மெல்லொற்றில் இல்லை. ‘வந்தவர்’ நிற்கும் இடத்தில் ‘உற்றவர்’ வைத்து இரண்டு அடிகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.