காரில் புது ஸ்பீக்கர் மாட்டும்போது கதவுக்குள் அதிர்வு அடக்கும் ஷீட் ஒட்டச் சொல்கிறார்களே, எதற்கு?

கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டும் கனமான, பிசுபிசுப்பான ஷீட் அது. பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், அதன் மேல் மெல்லிய அலுமினியத் தாள். தகடு அதிரும்போது நடுவிலுள்ள ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது.

ஒரு ஸ்டீல் தட்டைச் சுண்டினால் 'ணங்' என்று நீண்டு ஒலிக்கும். விரலை வைத்தால் உடனே அடங்கும். ஷீட் செய்வதும் அந்த விரலின் வேலையைத்தான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. அதாவது முன்னும் பின்னும் வரும் ஒலிகள் நேரெதிரானவை. கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய துளைகள் வழியே பின்னொலி வெளியே வந்து முன்னொலியுடன் கலந்தால், பேஸ் எனும் தாழ்ந்த ஒலி கரைந்துபோகும். அதனால் என்னைக் கேட்டால், விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் அந்தத் துளைகளை இதே ஷீட்டால் மூடுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை. அகன்ற, தட்டையான பகுதிகளில் கால்வாசி ஒட்டினாலே அதிர்வு நன்றாகக் குறையும். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ரோலரால் அழுத்தி ஒட்டுங்கள். அப்புறம், கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், துருப்பிடிக்கும்.

இதை ஒட்டினால் வெளிச்சத்தம் முழுவதும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தகட்டின் அதிர்வைத்தான் அடக்கும். காற்றில் வரும் இரைச்சலைத் தடுக்க, கனமான வினைல் விரிப்பு போன்ற வேறு தடுப்பு வேண்டும்.