பாடுகளின் நடுவே இருக்கும் விசுவாசியின் இரட்சிப்பு பாதுகாப்பாக இருக்கிறதா?

கேள்வி இதுதான்: தீராத நோய், அடுத்தடுத்த இழப்பு, பதில் வராத ஜெபம் என்று வருடக்கணக்கில் பாடுபடும் ஒரு விசுவாசி, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ, தன் இரட்சிப்பே பொய்யோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு வேதத்தில் ஆதாரம் உண்டா?

இல்லை. பாடுகள் கைவிடப்பட்டதற்கு அடையாளம் அல்ல. ஆனால் இந்த ஒரு வரிப் பதிலால் பெரும்பாலானவர்களுக்கு நிம்மதி கிடைப்பதில்லை. கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒன்று, இரட்சிப்பின் பாதுகாப்பு: தேவன் என்னைப் பிடித்திருக்கிறாரா? மற்றது, இரட்சிப்பின் நிச்சயம்: அவர் பிடித்திருப்பது எனக்குத் தெரிகிறதா? முதலாவது தேவனுடைய கையைப் பற்றியது, இரண்டாவது என் உணர்வைப் பற்றியது. பாடுகள் இரண்டாவதைத்தான் அடிக்கின்றன. அடிபட்டது நிச்சயம், பயப்படுகிறவரோ பாதுகாப்பே போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறார்.

இந்த வேறுபாடு புதிதல்ல. 1646-இல் இங்கிலாந்தில் எழுதி முடிக்கப்பட்ட, சீர்திருத்த சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, விசுவாசிகள் நிலைத்திருப்பதற்கு ஒரு அதிகாரத்தையும் (17) நிச்சயத்துக்குத் தனியாக இன்னொரு அதிகாரத்தையும் (18) ஒதுக்கியது. உண்மையான விசுவாசியின் நிச்சயம் பல வழிகளில் அசைக்கப்படலாம், குறையலாம், சிலகாலம் விட்டுவிட்டும் வரலாம் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. ஆங்கிலக் கவிஞரும் பக்திப் பாடல்கள் எழுதியவருமான வில்லியம் கூப்பர், 1773-இல் வந்த கடும் மனநோய்க்குப் பிறகு, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். பொது ஆராதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். 1800-இல் இறக்கும்வரை அந்த இருள் அவரை முழுதாக விடவில்லை. நண்பர் ஜான் நியூட்டன் அவரை ஒருபோதும் தள்ளப்பட்டவராக எண்ணவில்லை. நோய்ப்பட்ட மனம் தன்னைப் பற்றித் தரும் சாட்சியை வைத்து இரட்சிப்பை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இனி வேதத்துக்கு வருவோம். எல்லோரும் ரோமர் 8-ஐத்தான் எடுப்பார்கள். சரிதான், ஆனால் பெரும்பாலும் 28-ஆம் வசனத்தோடு நின்றுவிடுவார்கள். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்பதைத் தனியாக வெட்டி எடுத்தால், வேலை போனால் நல்ல வேலை வரும், நோய் வந்தால் சுகம் வரும் என்ற வாக்குறுதிபோல் ஒலிக்கும். அது வராதபோது விசுவாசமே ஆட்டம் காணும். அந்த "நன்மை" என்னவென்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. 30-ஆம் வசனம் சங்கிலிபோல் போகிறது: முன்குறித்தார், அழைத்தார், நீதிமான்களாக்கினார், மகிமைப்படுத்தியுமிருக்கிறார். கடைசிச் சொல்லையும் பவுல் நடந்து முடிந்த காரியமாக எழுதுகிறார். மகிமை இன்னும் வரவில்லை. 18-ஆம் வசனத்தில் அவரே அதை இனி வெளிப்படப்போவது என்கிறார். ஆனாலும் தேவனுடைய பக்கத்தில் அது முடிந்த கணக்கு.

பிறகு 35-ஆம் வசனம் ஏழு காரியங்களை அடுக்குகிறது: உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம். இவை விசுவாசிக்கு நேராது என்று பவுல் சொல்லவில்லை. நேரும், ஆனால் பிரிக்காது என்கிறார். அதற்கு ஆதாரமாக அடுத்த வசனத்தில் சங்கீதம் 44:22-ஐ எடுக்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அந்தச் சங்கீதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 17-ஆம் வசனத்தில் ஜனங்கள் சொல்கிறார்கள்: "இதெல்லாம் எங்கள்மேல் வந்திருந்தும், உம்மை நாங்கள் மறக்கவும் இல்லை, உம்முடைய உடன்படிக்கைக்குத் துரோகம்பண்ணவும் இல்லை." அதாவது உண்மையாய் இருந்தவர்கள்மேல் வந்த பாடு அது. ஏதோ பாவம் செய்ததால்தான் இது வந்தது என்ற வழக்கமான கணக்கு பொருந்தாத ஒரு சங்கீதத்தைப் பவுல் தேடி எடுத்திருக்கிறார். அதன்பின் வருகிற "இவையெல்லாவற்றிலேயும்" என்ற சொல்லையும் கவனியுங்கள். இவற்றிலிருந்து தப்பித்து அல்ல, இவற்றின் உள்ளேயே ஜெயங்கொள்ளுகிறவர்கள்.

பேதுருவின் முதல் நிருபம் இன்னும் நேரடியானது. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்ற பகுதிகளில் சிதறியிருந்தவர்களுக்கு, அவமதிப்பும் பழிச்சொல்லும் பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதியது. 1:4-5-இல் இரண்டு காவல்கள் உண்டு. சுதந்தரம் பரலோகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெறப்போகிறவர்கள் இங்கே தேவனுடைய பலத்தினாலே காக்கப்பட்டிருக்கிறார்கள். சொத்து பத்திரமாயிருந்து வாரிசு அழிந்துபோனால் என்ன பயன்? இரண்டும் காக்கப்படுகின்றன. "காக்கப்பட்டிருக்கிற" என்பதற்கு மூலத்தில் வரும் கிரேக்க வினை படைவீரர் காவலுக்கான சொல். 2 கொரிந்தியர் 11:32-இல் தமஸ்கு நகரத்தைக் காவல்வைத்துக் காத்ததற்கும் அதே சொல்தான். நகரத்துக்குக் காவல் போடப்படுவது எதிரி வரக்கூடும் என்பதால். முற்றுகை வந்ததனால் காவல் எடுபட்டுவிட்டது என்று யாரும் முடிவு செய்வதில்லை. அந்த வசனத்தில் "விசுவாசத்தைக்கொண்டு" என்றும் இருக்கிறது. விசுவாசத்தைச் சுற்றிவிட்டுத் தேவன் காப்பதில்லை. விசுவாசத்தையே உயிரோடு வைத்துக் காக்கிறார்.

அது எப்படி என்பதற்கு லூக்கா 22:31-32 போதும். "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." முதல் வாக்கியத்தில் "உங்களை", அதாவது எல்லாச் சீஷர்களையும். இரண்டாவதில் "உனக்காக", ஒருவனுக்காக. புடைத்தல் வராதபடி இயேசு வேண்டிக்கொள்ளவில்லை, விசுவாசம் ஒழிந்துபோகாதபடி வேண்டிக்கொண்டார். புடைத்தால் பதர்தானே பறக்கும், மணி சுளகிலேயே கிடக்கும். பேதுரு மூன்று முறை மறுதலித்தார். ஆனால் மறுதலிக்கும் முன்பே "நீ குணப்பட்டபின்பு" என்று திரும்பி வருவதையும் இயேசு சொல்லிவிட்டிருந்தார்.

இங்கே நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கன்மலை நிலத்து விதைபோல, உபத்திரவம் வந்தவுடனே இடறலடைகிறவர்களும் உண்டு (மத்தேயு 13:21). என்றைக்கோ கூட்டத்தில் கையுயர்த்தினேன், பிறகு கிறிஸ்துவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் பாதுகாப்பாக இருக்கிறேன் என்பவருக்கு மேலே சொன்ன ஆறுதல் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்டு இரவில் விழித்திருப்பதில்லை.

எபிரெயர் 6:4-6 இங்குதான் தொல்லை தரும். உடல் சோர்ந்த நேரத்தில் அதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, நான்தான் அந்த மறுதலித்தவன் என்று தீர்மானித்துவிடுவார்கள். அந்தப் பகுதி அழுகிறவனைப் பற்றியதல்ல. கிறிஸ்துவை அறிந்தபின் அவரை வெளிப்படையாக உதறிவிட்டுப் போகிறவனைப் பற்றியது. 9-ஆம் வசனத்திலேயே எழுதியவர் "பிரியமானவர்களே" என்று அழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டு என்று நம்புவதாகச் சொல்கிறார். 6-ஐப் படித்தால் 20 வரை நிறுத்தாமல் படியுங்கள். ஆத்துமாவின் நங்கூரம் 19-இல்தான் இருக்கிறது.

சபைகளுக்கிடையே கருத்துவேறுபாடு உண்டு, மறைக்கத் தேவையில்லை. 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்த சபையின் டார்ட் ஆலோசனைச் சங்கம், மெய்யாக இரட்சிக்கப்பட்டவர் இறுதியாக விழுந்துபோகமாட்டார் என்று முடிவு செய்தது. டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் வழிவந்தவர்கள் 1610-இல் இதைத் திறந்த கேள்வியாக விட்டிருந்தார்கள். பிறகு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் அவர் வழியினரும் விசுவாசத்தை விட்டுவிட முடியும் என்று போதித்தார்கள். 1547-இல் திரெந்துச் சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை, தனி வெளிப்பாடு இல்லாமல் தன் இறுதி நிலைபேற்றைப் பிழையற்ற உறுதியோடு ஒருவர் அறிய முடியாது என்றது. யோவான் 10:28-29-இன் எளிய பொருள் டார்ட் பக்கமே சாய்கிறது என்பது என் கருத்து. குமாரனுடைய கை, அதன்மேல் பிதாவின் கை என்று இரண்டு கைகளைச் சொன்னபின் விலக்கு ஒன்றைத் தேடுவது கடினம். ஆனால் கேள்வி கேட்டவருக்கு இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க அவசியமில்லை. புற்றுநோயோ கடனோ பிள்ளையின் மரணமோ ஒருவரை இரட்சிப்பிலிருந்து பிரிக்கும் என்று இந்த மூன்று தரப்பில் எதுவும் போதிக்கவில்லை.

அப்படியானால் இந்தப் பாடு எதற்கு என்று மனம் கேட்கும். சிருஷ்டி முழுதும் தவிப்பதில் நமக்கும் பங்கு உண்டு (ரோமர் 8:22-23). கிறிஸ்துவின் நாமத்தினிமித்தம் வரும் நிந்தை உண்டு (1 பேதுரு 4:14). பிதாவின் சிட்சை உண்டு (எபிரெயர் 12:5-11). சிட்சை என்றதும் பலர் நடுங்குகிறார்கள். 1 கொரிந்தியர் 11:30-32-ஐப் பாருங்கள். நோயும் மரணமும் வரை போன சிட்சையைக்கூடப் பவுல், உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடிக்கு வந்தது என்கிறார். ஆக சிட்சையே காவலின் ஒரு பகுதி. எந்த வகை என்று தெரியாமலேயே போகலாம். யோபுவின் பாடுகளுக்குப் பின்னால் பரலோகத்தில் நடந்த உரையாடல் நமக்குத் தெரியும். 38 முதல் 41 வரை நான்கு அதிகாரம் தேவன் பேசியும் யோபுவுக்கு அதைச் சொல்லவில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். பாவத்தை ஆராய்வதற்கு எல்லை வையுங்கள். ஒருமுறை உட்கார்ந்து, சங்கீதம் 139:23-24-ஐ ஜெபித்து, குறிப்பான பாவம் நினைவுக்கு வந்தால் அறிக்கையிடுங்கள், சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள். எதுவும் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். ஆவியானவர் உணர்த்தினால் எது, எங்கே, யாரிடம் என்பது தெரியும். நீ மொத்தத்தில் சரியில்லை என்ற மங்கலான குற்றச்சாட்டு வேறு இடத்திலிருந்து வருவது. தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்கிற 1 யோவான் 3:20 அதற்குப் பதில்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லையானால் சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. கடைசி இரண்டை இன்றைக்குச் சொல்ல முடியவில்லையா, நான்கோடு நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சத்துக்கே வருவதில்லை, ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. புலம்பல் அவிசுவாசம் அல்ல. அவிசுவாசம் தேவனிடம் புலம்பாது.

தகுதியில்லை என்று கர்த்தருடைய பந்தியை விட்டு விலகுவது இன்னொரு தவறு. 1 கொரிந்தியர் 11:27-இல் "அபாத்திரமாய்" என்பது பங்குபெறும் விதத்தைக் குறிக்கிறது. ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்த கொரிந்துப் பந்தி அது. உடைந்த மனதோடு வருகிறவரைத் தடுக்க எழுதியதல்ல.

தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார் என்று சொல்லி யாரையும் தேற்றாதீர்கள். 1 கொரிந்தியர் 10:13 விக்கிரகாராதனை போன்ற பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. பாடுகளைப் பற்றிப் பவுல் சொன்னதோ "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" என்று (2 கொரிந்தியர் 1:8).

உடலையும் மறக்கக் கூடாது. சாக விரும்பிய எலியாவுக்குத் தேவன் முதலில் போதனை கொடுக்கவில்லை. தூக்கம், அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி உணவு (1 இராஜாக்கள் 19:5-8). வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பற்றில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். அது விசுவாசக் குறைவை ஒப்புக்கொள்வதாகாது.

எதையும் செய்ய இயலாத நாட்களும் வரும். அன்றைக்கு மற்றவர்கள் வந்து ரோமர் 8-ஐ அவருக்கு வாசித்துக் காட்டட்டும், அவருக்குப் பதிலாக ஜெபிக்கட்டும். கூரையைப் பிரித்து நான்கு பேர் இறக்கிய திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தை பேசியதாக மாற்கு 2-இல் இல்லை. இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை". மன்னிப்பைப் பெற்றது படுக்கையில் கிடந்தவன்.